சின்ன டேங்கை வைத்துத் திட்டம் போடுங்கள்: நண்பர்களோடு இரண்டு நாள் ஸ்னோமொபைல் பயணம்

குழுவாக ஸ்னோமொபைல் (பனியில் ஓடும் மோட்டார் வண்டி) ஓட்டப் போகும்போது மூன்று பேரைப் பார்த்துத்தான் திட்டம் போட வேண்டும்: யாருடைய டேங்க் சிறியது, யார் புதிதாக ஓட்டுகிறார், யாருக்குக் கை முதலில் விறைக்கும். இந்த மூன்றும் ஒரே ஆளாக இருந்துவிட்டால் வேலை சுலபம். பெரும்பாலும் மூன்று வேறு ஆட்களாகத்தான் இருப்பார்கள்.

நான்கிலிருந்து ஆறு வண்டிகள் நல்ல அளவு. இரண்டே வண்டி என்றால் ஒன்று நின்றுவிட்டால் மற்றதும் நின்ற மாதிரிதான். எட்டைத் தாண்டினால் பாதி நாள் ஒருவருக்காக ஒருவர் காத்திருப்பதிலேயே கழியும். அதற்கு மேல் ஆள் இருந்தால் இரண்டு குழுவாகப் பிரித்து, மதியச் சாப்பாட்டுக்கு ஓரிடத்தில் சேருங்கள்.

தூரமும் பெட்ரோலும்

மீட்டரில் 70 கி.மீ. வேகம் காட்டினாலும், நிறுத்தம், சாலைக் கடப்பு, கண்ணாடி துடைப்பு, பெட்ரோல் எல்லாம் சேர்த்தால் நாளின் சராசரி மணிக்கு 35 முதல் 40 கி.மீ.தான் வரும். பழகியவர்களுக்கு ஒரு நாளைக்கு 180 கி.மீ. நிறைவான ஓட்டம். முதல் தடவை வருபவர் ஒருவர் இருந்தாலும் 100, 120 கி.மீ.யோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் வலது கட்டைவிரல் மரத்துப்போகும். வேகத்தைக் கூட்டும் த்ராட்டில் முழுக்க அந்த விரலில்தான் இருக்கிறது. விரல் அசந்தால் கவனமும் அசரும்.

600 சிசி டூ-ஸ்ட்ரோக் வண்டி, உருட்டிச் சமன்செய்த பாதையில், லிட்டருக்கு 5 முதல் 7 கி.மீ. கொடுக்கும். கணக்குக்கு 5 என்றே வையுங்கள். புதுப்பனி முழங்கால் உயரம் கிடந்தால் அதிலும் பாதிதான் கிடைக்கும். குழுவில் சிறிய டேங்க் 36 லிட்டர் என்றால் மொத்தம் 180 கி.மீ.; அதில் மூன்றில் ஒரு பங்கைக் கையிருப்பாகத் தள்ளிவிட்டால் மீதி 120. ஆக, ஒரு பெட்ரோல் பங்க்கிலிருந்து அடுத்த பங்க் 120 கி.மீ.க்குள் இருக்க வேண்டும். வரைபடத்தில் பங்க் இருந்தால் மட்டும் போதாது. குளிர்காலத்தில், ஞாயிற்றுக்கிழமையில் அது திறந்திருக்குமா என்று போன் போட்டுக் கேளுங்கள். டூ-ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு ஆளுக்கு ஒரு லிட்டர் ஆயில் கூடவே இருக்கட்டும். வேகத்துக்காகக் கட்டப்பட்ட பல எஞ்சின்களுக்கு உயர் ஆக்டேன் பெட்ரோல் வேண்டும். கையேட்டில் போட்டிருப்பதையே ஊற்றுங்கள்.

பெர்மிட், பதிவு, காப்பீடு, வயது வரம்பு எல்லாம் இடத்துக்கு இடம் மாறும். பல இடங்களில் பாதைகளைப் பராமரிப்பது உள்ளூர் கிளப்புகள். அவர்கள் பெர்மிட்டை வண்டியில் ஒட்டியிருக்க வேண்டும். பாதை திறந்திருக்கிறதா என்பதை முந்தின இரவும் பாருங்கள், காலையிலும் பாருங்கள். மூடிய பாதையில் நுழைந்தால் அபராதத்தோடு முடிவதில்லை. பாதையின் பெரும்பகுதி தனியார் நிலத்தின் வழியாக, நில உரிமையாளர்கள் அனுமதியில் போகிறது. அந்த அனுமதி போனால் பாதையே போய்விடும்.

வண்டியைப் பார்ப்பது

இதைப் புறப்படும் வெள்ளிக்கிழமை இரவில் செய்யாதீர்கள். ஒரு வாரம் முன்பே செய்யுங்கள்; உதிரிபாகம் வாங்க வேண்டியிருந்தால் அப்போதுதான் நேரம் இருக்கும்.

முதலில் பெல்ட். பயணத்தில் அதிகம் மக்கர் பண்ணுவது இதுதான். எஞ்சினோடு சேர்ந்த முதல் கிளட்ச், டிராக்கை (வண்டியை நகர்த்தும் பல் வைத்த ரப்பர் பட்டை) சுழற்றும் இரண்டாம் கிளட்ச், இரண்டுக்கும் நடுவே இந்த ரப்பர் பெல்ட். கியர் கிடையாது, கிளட்ச்சின் இரு தட்டுகள் நெருங்குவதும் விலகுவதும்தான் கியர். பெல்ட்டைக் கழற்றி விரலால் முழு வட்டமும் தடவிப் பாருங்கள். பக்கவாட்டில் கண்ணாடி மாதிரி பளபளத்தால் அது வழுக்கியிருக்கிறது. பல் உடைந்திருந்தால், நூல் பிரிந்திருந்தால் தூக்கிப் போடுங்கள். ஓரிடத்தில் மட்டும் இடுப்பு மாதிரி ஒடுங்கியிருந்தால் காரணம் வேறு: டிராக் உறைந்து நிற்கும்போது யாரோ த்ராட்டிலை அழுத்தியிருக்கிறார். கிளட்ச் சுற்ற, பெல்ட் நகராமல் நின்ற இடத்திலேயே எரிந்திருக்கிறது. இப்படிப்பட்ட பெல்ட் ஓடும். வேகம் பிடிக்கும்போது அதிரும். எங்காவது நடுவழியில் அறுந்துபோகும்.

உதிரி பெல்ட் ஒவ்வொரு வண்டியிலும் கட்டாயம் வேண்டும். நண்பரிடம் இருக்கிறது என்று விட்டுவிட முடியாது. மாடலுக்கு மாடல் பெல்ட் எண் வேறு. புது பெல்ட்டை முதல் 50 கி.மீ. மிதமாக, வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டிப் பழக்க வேண்டும். அதை ஊரிலேயே செய்து, கழற்றி, அதையே உதிரியாக வையுங்கள். வழியில் மாட்டியவுடன் நிம்மதியாக ஓட்டலாம். இறுக்கமாகச் சுருட்டிக் கட்டி வைத்தால் நூல் உடையும். அதன் இயல்பான வடிவத்தில் வையுங்கள்.

அடுத்து டிராக். வண்டியின் பின்பக்கத்தை ஸ்டாண்டில் தூக்கிவைத்து, கையால் சுற்றிப் பாருங்கள். கிழிசல், பெயர்ந்த பல், காணாமல் போன உலோகக் கிளிப் எல்லாம் தெரியும். நடுவில் கையேடு சொல்லும் எடையைத் தொங்கவிட்டு எவ்வளவு தொய்கிறது என்று அளக்க வேண்டும். பல வண்டிகளில் 30 முதல் 40 மி.மீ. வரை இருக்கும். தளர்ந்தால் பிரேக் பிடிக்கையில் பல் தாவி ‘டக் டக்’ என்று சத்தம் வரும். இறுக்கினால் எஞ்சின் சக்தியை அதுவே தின்றுவிடும், பேரிங்குகளும் சீக்கிரம் போகும். எஞ்சினை ஓடவிட்டு டிராக்கைச் சுழற்றும்போது யாரும் பின்னால் நிற்கக்கூடாது. பறந்து வரும் ஒரு கல் போதும்.

டிராக்கின் உள்ளே ரெயில்களின் அடியில் ஒரு பிளாஸ்டிக் பட்டை ஓடும். ஹைஃபாக்ஸ் என்பார்கள், ஸ்லைடு என்றும் சொல்வார்கள். இதற்கு எண்ணெய் கிரீஸ் எதுவும் கிடையாது, பனிதான் மசகு. பக்கவாட்டில் தேய்மானக் கோடு இருக்கும். அதைத் தொட்டிருந்தால் மாற்றுங்கள்.

வண்டியைத் திருப்பும் முன்பக்கச் சறுக்குப் பலகையான ஸ்கீயின் அடியில் உள்ள கார்பைடு கம்பியை நகத்தால் சுரண்டுங்கள். கூராக இருந்தால் நகம் சீவப்படும். மழுங்கியிருந்தால் வளைவில் ஹேண்டில் திருப்பியும் வண்டி நேரே போய்க்கொண்டிருக்கும். பிரேக் நெம்புகோல் கைப்பிடியைத் தொடும் வரை உள்ளே போனால் பேட்களையும் திரவத்தையும் பாருங்கள். கூலண்ட் அளவு, விளக்குகள், ஸ்கீ போல்ட்டுகள் ஐந்து நிமிட வேலை.

உடை

வெளியே −10 டிகிரி. வண்டி 60 கி.மீ. வேகத்தில் போகிறது. முகத்துக்கு அது −23 டிகிரி. காற்றுக்குளிர் கணக்கு சொல்வது இதுதான். அசையாமல் ஒரு மணி நேரம் அந்தக் காற்றில் உட்கார்ந்திருப்பதற்கு ஏற்றபடிதான் உடுத்த வேண்டும். ஆனால் வண்டி சிக்கிக்கொண்டால் பத்தே நிமிடத்தில் வேர்வை கொட்டும், அந்த ஈரமே பிறகு குளிரும். அதனால் அடுக்கடுக்காக அணிவதே நல்லது. உடம்பை ஒட்டி மெல்லிய கம்பளி அல்லது செயற்கை இழை, அதன் மேல் ஃபிளீஸ், அதன் மேல் காற்றும் நீரும் புகாத ஜாக்கெட், மார்பு வரை வரும் பிப் பேன்ட். பருத்தி எந்த அடுக்கிலும் வேண்டாம், உள்ளாடையும் சாக்ஸும் உட்பட. நனைந்த பருத்தி காயாது.

பூட்ஸுக்குள் விரல்கள் அசைய வேண்டும். இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டு இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து கால் முன்பைவிடச் சீக்கிரம் விறைக்கும். கையுறை இரண்டு ஜோடி. இரண்டாவது நீர் புகாத பையில், உடனே எடுக்கும்படி. கழுத்தில் தொங்கும் மஃப்ளர் கூடாது, கழுத்தை மூடும் குழாய்த் துணி போதும். முகம் முழுதும் மூடும் ஹெல்மெட்டில் மூச்சைக் கீழே திருப்பும் மூக்குமூடி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கண்ணாடியில் ஆவி படிந்து உறைந்துவிடும். கண்ணாடியின் உள்பக்கத்தைக் கையுறையால் தேய்த்தால் பூச்சு போகும். அதற்கென்று மெல்லிய துணி ஒன்று ஜேபியில் இருக்கட்டும்.

சுமையைப் பிரிப்பது

எல்லாக் கருவியும் ஒரே வண்டியில் இருந்தால், அந்த வண்டி முன்னால் போய்விட்ட பிறகுதான் பின்னால் ஒருவருக்கு அது தேவைப்படும். அதனால் பொதுக் கருவிகள், இழுவைக் கயிறு, முதலுதவிப் பை எல்லாம் கடைசி வண்டியில்.

ஒவ்வொரு வண்டியிலும்: உதிரி பெல்ட், ஒரு செட் ஸ்பார்க் பிளக், பிளக் ஸ்பேனர், வண்டியோடு வந்த கருவிப் பை, தலைவிளக்கு, தண்ணீர், தின்பண்டம்.

குழுவுக்குப் பொதுவாக: 6 மீட்டர் கயிறு அல்லது பட்டை இரண்டு, மடக்கு ரம்பம், மடக்கு மண்வெட்டி, ராட்செட் ஸ்ட்ராப், ஜிப் டை, டக்ட் டேப், பெட்ரோல் உறிஞ்சும் குழாய், தார்ப்பாய், காகித வரைபடம், செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவி.

உங்கள் உடம்பில்: தீப்பெட்டி அல்லது லைட்டர், விசில், ஐஸ் பிக் (ஐஸில் குத்திப் பிடிக்கும் கூர்முனைக் கைப்பிடி), போன். போனை உள் ஜேபியில் உடம்புச் சூட்டில் வையுங்கள். குளிரில் பேட்டரி கண்ணெதிரே இறங்கும். இவை உடம்பில்தான் இருக்க வேண்டும். வண்டி ஏரியில் இறங்கிவிட்டால் வண்டிப் பையும் அதோடு இறங்கிவிடும்.

எங்கே போகிறோம், எந்த வழி, எத்தனை பேர், எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதை வீட்டில் இருக்கும் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். வாய்வார்த்தை மறந்துபோகும்.

கிளம்பும் காலை

இரண்டு சோதனைகளைத் தினமும் காலையில் எல்லாரும் செய்ய வேண்டும். எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் முன் த்ராட்டிலை அழுத்தி விடுங்கள்; டக்கென்று திரும்ப வேண்டும். கேபிளில் ஈரம் உறைந்திருந்தால் மெதுவாக வரும், அல்லது வராமலே நிற்கும். அப்படியே ஸ்டார்ட் செய்தால் வண்டி ஆளில்லாமலே பாயும். ஸ்டார்ட் ஆனதும் டெதர் கயிற்றை (ஆள் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கயிறு) இழுத்து விடுங்கள், எஞ்சின் நிற்க வேண்டும். கயிற்றின் மறுமுனை எப்போதும் ஜாக்கெட்டில் மாட்டியிருக்கட்டும். ‘அடுத்த வளைவு வரைக்கும்தானே’ என்று மாட்டாமல் போகாதீர்கள்.

பிறகு இரண்டு மூன்று நிமிடம் ஐட்லிங்கில் விடுங்கள். குளிர்ந்த எஞ்சினில் த்ராட்டிலைப் பிடித்து அழுத்தினால் பிஸ்டன் முதலில் சூடாகி விரியும், சிலிண்டர் இன்னும் குளிர்ந்தே இருக்கும். இடைவெளி போதாமல் பிஸ்டன் சிலிண்டரில் உரசிப் பிடித்துக்கொள்ளும். அதோடு பயணம் முடிந்தது, பர்சும் காலி. முதல் ஐந்து கி.மீ. நிதானமாகப் போங்கள், பெல்ட்டும் அதற்குள் சூடேறும்.

வரிசையும் சைகையும்

முன்னால் வழி தெரிந்தவர். அவருக்கு அடுத்து குழுவிலேயே புதியவர். முன்னே போகிறவர் கண்ணாடியில் அவரைப் பார்த்து வேகத்தை அளந்துகொள்ளலாம். புதியவரைக் கடைசியில் விட்டால் பிடிக்க முடியாத வேகத்தைத் துரத்துவார். விபத்துகள் அப்படித்தான் நடக்கும். கடைசி ஆள் அனுபவசாலியாகவும் கருவி பிடிக்கத் தெரிந்தவராகவும் இருக்க வேண்டும்.

குழு சிதறாமல் இருக்க ஒரே விதி போதும்: உனக்குப் பின்னால் வருபவர் உன் பொறுப்பு. பாதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் நின்று, பின்னால் வருபவர் உன்னைப் பார்த்துவிட்டார் என்று தெரிந்த பிறகே நகர வேண்டும். ஐந்து நிமிடம் ஆகியும் வரவில்லையா, திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும். எல்லாரும் இதைச் செய்தால், கடைசி ஆள் நின்றுவிட்டால் தகவல் ஒவ்வொருவராக முன்னே போய்ச் சேரும். திரும்பிப் போகும்போது வலது ஓரமாக, மெதுவாகப் போங்கள். எதிரே வேறு குழு வரலாம்.

வலது கை த்ராட்டிலில் இருப்பதால் சைகைகள் இடது கையால்:

நிற்க: கையை நேராக மேலே தூக்குங்கள்.
இடப்பக்கம்: கையை நேராகப் பக்கவாட்டில் நீட்டுங்கள்.
வலப்பக்கம்: பக்கவாட்டில் நீட்டி, முழங்கையை மடக்கி, முன்கை மேலே.
மெதுவாக: பக்கவாட்டில் தாழ நீட்டி, மேலும் கீழும் அசையுங்கள்.
எதிரே வண்டி வருகிறது: கையை மடக்கித் தலைக்கு மேல் கொண்டுபோய், விரல்கள் பாதையின் வலப்பக்கத்தைக் காட்டட்டும்.
பின்னால் இன்னும் வருகிறார்கள்: கட்டைவிரலால் தோளுக்குப் பின்னால் காட்டுங்கள்.
நானே கடைசி: கையை மடக்கி உயர்த்தி, முஷ்டியை மூடுங்கள்.

வளைவில் கையை எடுக்க முடியாவிட்டால் எடுக்க வேண்டாம். சைகையைவிட ஹேண்டில் முக்கியம்.

60 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடும். முன்வண்டிக்கும் உங்களுக்கும் குறைந்தது மூன்று நொடி இடைவெளி, அதாவது 50 மீட்டர். புதுப்பனி பறந்து கண்ணை மறைத்தால் இரண்டு மடங்கு. இரவில் விளக்கு எட்டும் தூரத்துக்குள் நிற்க முடிகிற வேகமே உங்கள் வேகம். பாதையைச் சமன்செய்யும் பெரிய குரூமர் வண்டிகள் இரவில்தான் வேலை செய்யும். பாதையின் முழு அகலத்தையும் அடைத்துக்கொண்டு வரும். மேட்டைத் தாண்டியதும் அதன் விளக்கு தெரிந்தால் உடனே ஓரம் கட்டி நின்று வழிவிடுங்கள்.

சாலையைக் கடக்கும்போது எல்லா வண்டியும் முழுதாக நிற்க வேண்டும், ஒவ்வொருவராகக் கடக்க வேண்டும். அந்தப் பக்கம் போன நண்பர் ‘வா வா’ என்று கையசைப்பதை நம்பாதீர்கள், நீங்களே பாருங்கள். தாரில் கார்பைடு பிடிக்காது, வண்டி திரும்பாது. கடக்க நினைத்ததைவிட நேரம் அதிகம் ஆகும்.

போகிற வழியில் கவனிக்க வேண்டிய சூடு

குளிர்காலத்தில் எஞ்சின் சூடாகிறது என்றால் புதியவர்கள் நம்புவதில்லை. பெரும்பாலான திரவக் குளிர்ச்சி வண்டிகளில் காரில் இருப்பது மாதிரி முன்னால் பெரிய ரேடியேட்டர் இல்லை; டிராக்குக்கு மேலே உள்ள, சுரங்கம் என்று அழைக்கப்படும் உலோக மூடியின் கூரையில் குளிர்விப்பான் இருக்கிறது. டிராக் அள்ளி எறியும் பனிதான் அதைக் குளிர்விக்கிறது. கடினமான ஐஸ் மேல் ஓடினால் பனி மேலே போகாது. கூலண்ட் சூடாகும், ஹைஃபாக்ஸும் காய்ந்து உருகி, பிளாஸ்டிக் எரியும் வாடை வரும். இதற்கென்றே ஸ்கிராச்சர் என்ற ஸ்பிரிங் கம்பிகள் உண்டு. இறக்கிவிட்டால் ஐஸைச் சுரண்டிப் பொடியை மேலே எறியும். சில பழைய வகைகளை இறக்கிவைத்தபடி ரிவர்ஸ் எடுத்தால் வளைந்து உடைந்துவிடும். உங்களுடையது எது என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள். கம்பி இல்லையென்றால் ஒவ்வொரு சில நிமிடத்துக்கும் பாதையோரத்து உதிரிப்பனியில் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். எச்சரிக்கை விளக்கு எரிந்துவிட்டால் எஞ்சினை அணைத்து, சுரங்கத்துக்குள் கையால் பனியை அள்ளி அடையுங்கள்.

பெல்ட்டின் சூட்டுக்கும் ஒரு சோதனை இருக்கிறது. அரைமணி ஓட்டத்துக்குப் பின் எஞ்சினை அணைத்து, பக்க மூடியைத் திறந்து, இரண்டாம் கிளட்ச்சை மெல்லத் தொட்டுப் பாருங்கள். ஓரிரு நொடி கை வைக்க முடிந்தால் சரி. சுட்டுத் தள்ளினால் பெல்ட் வழுக்குகிறது: தவறான பெல்ட், இரண்டு கிளட்ச்சும் நேர்கோட்டில் இல்லாமை, அல்லது ஆழ்பனியில் குறைந்த வேகத்தில் அதிக சுமை. ரப்பர் வாடை வந்தாலே நிறுத்திவிடுங்கள். அடுத்து வருவது ‘படார்’.

அறுந்துவிட்டால்: எஞ்சினை அணைத்து டெதரைக் கழற்றுங்கள். கிளட்ச் சூடு தணிய ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தில் பின்னால் வருபவர் உங்களைப் பார்க்கும்படி வண்டியை ஓரம் தள்ளுங்கள். இடப்பக்க மூடியையும் பெல்ட் காப்பையும் கழற்றுங்கள். அறுந்த துண்டுகளை ஒன்றுவிடாமல் எடுக்க வேண்டும். கிளட்ச்சுக்குப் பின்னால் தண்டில் சுற்றிய நூலை விட்டுவிட்டால் அது சீலைத் தின்னும், புது பெல்ட்டையும் கெடுக்கும். தலைவிளக்கு இங்கேதான் உதவும். கருவிப் பையில் உள்ள திருகை இரண்டாம் கிளட்ச்சில் மாட்டி இறுக்கினால் தட்டுகள் விலகும். புது பெல்ட்டின் அம்புக்குறி சுழலும் திசையில் இருக்கட்டும். முதலில் எஞ்சின் பக்க கிளட்ச்சில் போட்டு, பிறகு இரண்டாவதின் விளிம்பு மேல் சுழற்றி ஏற்றுங்கள். திருகைக் கழற்ற மறக்காதீர்கள். அவசரத்தில் அதிகம் மறப்பது இதைத்தான். காப்பை மாட்டி, மெதுவாக ஓட்டிப் பாருங்கள். த்ராட்டில் தொடாமலே வண்டி ஊர்ந்தால் பெல்ட் அளவுக்கு மேல் இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறது. கையேடு சொல்லும்படி சரிசெய்ய வேண்டும்.

உறைந்த ஏரி

குறிபோட்ட பாதை ஏரியின் மேல் போனால் அந்தக் குறிகளுக்குள்ளேயே போங்கள். குறி இல்லாத ஏரிக்கு நல்ல பதில் ‘சுற்றிப் போகலாம்’ என்பது.

தடிமன் பற்றிய அறிவுரைகளே ஒன்றுக்கொன்று மாறும். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநில இயற்கைவளத் துறை ஸ்னோமொபைலுக்குப் புதிய, தெளிவான ஐஸ் 5 முதல் 7 அங்குலம் வேண்டும் என்கிறது, அதாவது ஏறத்தாழ 13 முதல் 18 செ.மீ. கனடா செஞ்சிலுவைச் சங்கத்தின் அறிவுரை 25 செ.மீ. குழுவாகப் போகிறவர்கள் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளட்டும். அதுவும் நீலம் பாய்ந்த தெளிவான ஐஸுக்கு மட்டும். பனி கலந்து வெளுத்த ஐஸுக்குப் பாதி பலம்தான்; இரண்டு மடங்கு தடிமன் வேண்டும். சாம்பல் நிறம் தெரிந்தால் ஐஸுக்குள் தண்ணீர் இருக்கிறது, திரும்புங்கள். ஓடை வந்து கலக்கும் இடம், இரண்டு நிலத்துக்கு நடுவே ஒடுங்கும் இடம், பாலத்தடி, படகுத்துறைப் பக்கம், இங்கெல்லாம் அதே ஏரியில் அதே நாளில் ஐஸ் மெலிந்திருக்கும்.

ஐஸ் மேல் அடர்ந்த பனியும், அதன் அடியில் சகதி போன்ற ஈரப்பனியும் இருக்கலாம். வண்டி கனத்து வேகம் குறைவது தெரிந்தால் த்ராட்டிலை விடாதீர்கள், நிற்காதீர்கள், கெட்டியான இடம் வரை போய்விடுங்கள். பின்னால் வருபவர் அதே தடத்தில் வரக்கூடாது. நின்ற வண்டி அரைமணியில் அங்கேயே உறைந்துவிடும்.

தண்ணீருக்குள் விழுந்தவருக்குச் சொல்லப்படும் கணக்கு 1-10-1. முதல் ஒரு நிமிடம் மூச்சு திணறும், அதை அடக்குவது மட்டுமே வேலை. அடுத்த பத்து நிமிடம் கை கால் சொன்னபடி கேட்கும். அதற்குப் பிறகு ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் குளிரில் நினைவு தப்பும். ஆகவே அந்தப் பத்து நிமிடத்தில் வெளியே வர வேண்டும். உடையைக் கழற்ற வேண்டாம், உள்ளே உள்ள காற்று மிதக்க வைக்கும். வந்த திசைக்கே திரும்புங்கள், அந்த ஐஸ்தான் இதுவரை உங்களைத் தாங்கியது. ஐஸ் பிக்கை ஊன்றி, காலை நீச்சல் போல் உதைத்து, வயிற்றில் வழுக்கி ஏறுங்கள். ஏறியதும் எழுந்து நிற்காமல் உருண்டு விலகுங்கள். மற்றவர்கள் கிட்டே ஓடக்கூடாது. படுத்தபடி கயிறு எறியுங்கள்.

சிக்கிக்கொண்டால்

பாதை விட்டு ஓர் அடி விலகினாலே வண்டி இடுப்பளவு பனியில் புதையலாம். டிராக் சுழன்று வண்டி நகரவில்லையென்றால் அந்த நொடியே த்ராட்டிலை விடுங்கள். அதற்கு மேல் அழுத்துவதெல்லாம் குழி தோண்டும் வேலை, பெல்ட் எரிக்கும் வேலை. இறங்கி, ஸ்கீக்கு முன்னால் ஆறேழு மீட்டர் பனியைக் காலால் மிதித்து அழுத்துங்கள். கால்வைக்கும் பலகைகளிலும் சுரங்கத்தின் அடியிலும் அடைந்த பனியைத் தோண்டி எடுங்கள்; வண்டி அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. சரிவில் என்றால் ஸ்கீகளை இழுத்துக் கீழ்நோக்கித் திருப்புங்கள். ஒருவர் பக்கத்தில் நின்று மிதமாக த்ராட்டில் கொடுக்க, இருவர் ஸ்கீ வளையத்தில் பட்டை மாட்டிப் பக்கவாட்டில் நின்று இழுக்கட்டும். பின்னால் நின்று தள்ளுவது வேண்டாம். 250 கிலோ வண்டியைத் தனியாகத் தூக்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காருவதும் வேண்டாம்.

எஞ்சின் நின்ற வண்டியை இழுக்க வேண்டுமானால் முதலில் அதன் பெல்ட்டைக் கழற்றுங்கள். இல்லையென்றால் டிராக் சுற்றும்போது கிளட்ச்சும் சுற்றிப் பிடிக்கும். கயிற்றை ஸ்கீயைத் தாங்கும் கால்களில் கட்டுங்கள், ஸ்கீ வளையத்தில் வேண்டாம். வேகம் 15 கி.மீ.க்குள். இழுபடும் வண்டியில் பிரேக் பிடிக்க ஓர் ஆள் இருக்க வேண்டும்.

டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாமல் பெட்ரோல் வாடை அடித்தால் பிளக் நனைந்திருக்கிறது. த்ராட்டிலை முழுதாகத் திறந்தபடி நாலைந்து தடவை ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்துப் பாருங்கள். அப்படியும் இல்லையென்றால் புது பிளக் போடுங்கள். பழையதைத் தூக்கி எறியாமல் உலர்த்தி வையுங்கள்.

பனிச்சரிவு அபாயமுள்ள மலைப்பகுதி வேறு படிப்பு, பயிற்சி இல்லாமல் போகக்கூடாது. ஆளுக்கொரு டிரான்ஸீவர் (புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் ரேடியோக் கருவி) உடம்பில், துழாவும் கம்பி, மண்வெட்டி, அன்றைய அபாய அறிக்கை, இவை இல்லாத குழு 30 டிகிரிக்கு மேற்பட்ட சரிவுகளுக்குக் கீழே கூட நிற்கக்கூடாது. ஒரு சரிவில் ஒரு நேரத்தில் ஒரே வண்டி. சிக்கியவருக்கு உதவ இன்னொருவர் அதே சரிவில் ஏறுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

இரவில் நிறுத்துவது

மதுவைப் பற்றி ஒரே வரி: வண்டிகள் நிறுத்தி, சாவி உள்ளே போன பிறகு.

சூடான வண்டியை அப்படியே பனியில் நிறுத்தினால் அடியில் பனி உருகி, இரவில் உறைந்து, டிராக்கைத் தரையோடு ஒட்டிவிடும். பின் பம்பரைப் பிடித்து இரண்டு மூன்று தடவை தூக்கிப் போட்டால் உள்ளே அடைந்த ஈரப்பனி உதிரும். டிராக்கின் கீழே இரண்டு பலகையோ மரக்கிளையோ போட்டு அதன் மேல் நிறுத்துங்கள். எதுவும் இல்லையென்றால் பத்து நிமிடம் கழித்து ஒரு மீட்டர் முன்னே நகர்த்தினாலும் போதும். டேங்கை இரவிலேயே நிரப்புங்கள். காலியிடம் இருந்தால் அதில் ஈரம் படிந்து பெட்ரோலோடு சேரும். ஹெல்மெட், கையுறை, பூட்ஸின் உள்ளுறை எல்லாம் அறைக்குள் வரட்டும், ஆனால் ஹீட்டர் மேல் வேண்டாம். மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிடாதீர்கள், கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது.

காலையில் ஸ்கீயைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டி, பின்பக்கத்தைத் தூக்கிப் போட்டு, டிராக் விடுபட்டதா என்று பார்த்த பிறகே த்ராட்டில். மேலே சொன்ன இடுப்பு ஒடுங்கிய பெல்ட் இப்படிப்பட்ட காலைகளில்தான் உருவாகிறது.

இரண்டாம் நாள் தூரம் முதல் நாளில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டக்கூடாது. முந்தின நாள் அலுப்பு கட்டைவிரலிலும் முதுகிலும் இருக்கும், ஊர் திரும்பும் பயணமும் பாக்கி. வெளிச்சம் இருக்கும்போதே டிரெய்லரில் ஏற்றுங்கள். ஏற்றும் முன் சுரங்கத்திலும் பலகைகளிலும் உறைந்த பனியைத் தட்டிவிடுங்கள். அது கிலோக் கணக்கில் இருக்கும், வழியில் கட்டியாகப் பின்னால் வரும் கார் மேல் விழும். டிரெய்லர் மேல் கார்பைடு வழுக்கும். சாய்பலகையில் நேராக, ஒரே சீரான த்ராட்டிலில் ஏறுங்கள், நடுவில் நிறுத்தாதீர்கள். ஸ்கீயை முன் கம்பியில் அழுத்திக் கட்டி, பின் பம்பரையும் தனிப் பட்டையால் இழுத்துக் கட்டுங்கள். இருபது கி.மீ. போனதும் ஒருமுறை நிறுத்திப் பட்டைகளை மறுபடி இறுக்க வேண்டும். சஸ்பென்ஷன் தாழ்ந்து எல்லாம் தளர்ந்திருக்கும்.